பச்சை வவுறு, வேலாத்தா ஊட்டுது

வா கண்ணு, உள்ள வா. ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டனா? ஆரு வந்து பெல்லு அடிச்சாலும் மூஞ்சிக்கு ரெண்டு தட்டு பவுடரு போடாம நான் கதவு தொறக்கறதில்ல. பால்காரரு வந்தாலும் அப்படித்தான், கரண்டு ரீடிங் எடுக்க வந்தாலும் அப்படித்தான். இன்னிக்கின்னு பாத்து டப்பாவுல அடியில கொஞ்சந்தான் கெடந்துது. கவுத்து வெச்சுத் தட்டித் தட்டி எடுத்துப் பூசிக்கிட்டு வரதுக்குள்ள நீ பெல்லு மேல வெச்ச கையி எடுக்கல. எங்க, மூஞ்சி திட்டுத்திட்டா இருக்குதா? இல்லியல்ல? செரி.

முதுகுல இருக்கற டேங்க எறக்கி வெய்யி. மொதல்ல ஒக்காரு. அட, அந்தச் சேரு வேண்டாம் கண்ணு, அது வாசக்கதவப் பாத்து இருக்குது, புழுதி அடிக்கும். இக்கட்ட வா, சன்னலப் பாத்து ஒக்காரு. மருதமலை தெரியுது பாரு. இந்த ஒரு சன்னலுக்குத்தான் நாங்க வடவள்ளியில இந்த ஊட்ட வாங்குனோம். மலையப் பாத்துட்டே காப்பியக் குடி.

மருந்து அடிக்கோணும், தெரியும். செக்ரட்டரி சொல்லித்தான அனுப்பிச்சிருக்காரு? மூணாவது மாடியில துளசிமணின்னு ஒரு பொம்பள ஸ்டோர் ரூமுல எறும்பு வளத்துது, டப்பா டப்பாவா வெச்சிருக்குது, ஒண்ணு உடாம அடிச்சுப்போட்டு வான்னு. நான் வேண்டாங்கல. ஸ்டோர் ரூமு எங்கியும் ஓடிப் போகாது. காப்பி ஆறிப்போனா நல்லாருக்காது.

பொறத்தால சத்தம் கேட்டுதா? எங்கூட்டுக்காரரு அது. திரும்பிப் பாக்காத, அவருக்குக் கூச்சம். பழைய பேப்பரக் கட்டித் தூக்கிட்டுக் கீழ போறாரு, எடைக்குப் போடறதுக்கு. நாச்சிமுத்துன்னு பேரு. நான் அவரு பேரச் சொல்ல மாட்டேன், எங்க பக்கத்துல அந்தப் பழக்கமில்ல.

உன்ற பேரென்ன சொன்ன? கோகுல்நாத்தா. எந்தூரு? பெரியநாயக்கன்பாளையமா! அங்க என்ற சித்தப்பா மவ ஒருத்தி இருக்கறா, உனக்குத் தெரிஞ்சிருக்கும், வாஷிங் மெசினுக்குள்ள அரிசி கொட்டி வெச்சிருந்தாளே, அவதான். தெரியாதா? எலி தொல்ல தாங்காம, புதுசா வாங்குன மெசினுக்குள்ள ஒரு சிப்பம் அரிசியக் கொட்டி மூடி வெச்சுட்டா. எலியும் வர்ல. ஒரு நாளு ஒறம்பரை வந்தவங்க, நம்மளாலானத செய்யலாம்னு அழுக்குத் துணிய உள்ள போட்டு பட்டனத் தட்டி உட்டுட்டாங்க. சுடுதண்ணி பட்டன் வேற. தொறந்து பாத்தா துணியெல்லாம் கஞ்சி போட்டாப்பல மொடமொடன்னு நிக்குது. அவ ஊட்டுக்காரரு அந்தச் சட்டையப் போட்டுட்டுக் கையத் தூக்க முடியாமயே ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாரு.

என்ன கேட்டுட்டு இருந்த? எறும்பு. ஆமா. நான் எச்சா நாயம் பேசறவ இல்ல கண்ணு, கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன், அவ்வளவுதான்.

இந்த எறும்ப நானாத் தேடிப் போகல. மொத மொதல்ல வந்தது மாமியா. போன வருசத்துக்கு மொத வருசம் சித்திரைல ஒரு கோடை மழை பேஞ்சுது. றெக்கை மொளச்ச கட்டெறும்பெல்லாம் டியூப்லைட்டுக்கு வந்து மொய்க்குது. நான் வெளக்கமாத்த எடுக்கப் போனேன். அதுல ஒண்ணு, நல்லா தாட்டியா இருக்குது, வந்து என்ற மூக்குக் கண்ணாடிக் கூட்டுமேல ஒக்காந்துது. ஒக்காந்து, ஒரு காலத் தூக்கித் தன்ற றெக்கையத் தானே கழட்டிப் போட்டுது. நாம வெளிய போயிட்டு வந்து பட்டுச்சீலைய அவுத்துக் கட்டல்மேல போடுவமல்ல, அந்த மாதிரி. இனி நான் எங்கியும் போறதில்ல, இதுதான் என்ற ஊடுங்கற மாதிரி. அப்பறம் அத எப்படிக் கூட்டித் தள்ளறது?

போனுல ஒரு வெள்ளக்காரன் எறும்பு வளத்தறதப் படம் புடிச்சுப் போடறான். அவன் பேசறது எனக்கு ஒரு வார்த்தை புரியாது, கையி செய்யறது புரியும். கண்ணாடிக் குழாய்ல பாதி தண்ணி, அதுக்கு மேல பஞ்சு, அப்பறம் எறும்பு, மறுக்கா பஞ்சு. இருட்டுல வெச்சுட்டு அக்கட்ட போயிரோணும். எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா அது பயந்துட்டுப் போட்ட முட்டையத் தானே தின்னுபோடும். நான் எட்டிப் பாக்காம இருக்கறது எத்தன கஷ்டம்னு எங்கூட்டுக்காரரக் கேட்டுப் பாரு. அந்த மாசம் பூரா, பாக்காம இருக்கறதுக்காகவே பக்கத்து ஊடுகளுக்கெல்லாம் போயி ஒக்காந்துட்டு வந்தேன். என்னவோ அந்த மாசந்தான் அல்லாரும் ஊட்டப் பூட்டிட்டு வெளியூர் போயிருந்தாங்க.

அந்த ராணி ஒரு வாய் திங்கல கண்ணு. றெக்கை இருந்த எடத்துச் சதைய உள்ளுக்குள்ளயே கரைச்சு, எச்சலாக் குடுத்து மொதப் புள்ளைகள வளத்துது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பறம் புள்ளைக நடமாடுனவொடனே அல்லாத்தையும் அதுககிட்ட உட்டுப்போட்டு, ஒக்காந்த எடத்துல ஒக்காந்துக்கிச்சு. வாயிக்கு ஊட்டோணும், ஒடம்பத் தொடைச்சு உடோணும், முட்டையத் தூக்கிட்டுப் போகோணும். பாத்தவொடனே என்ற மாமியா கண்ணு முன்னால வந்துட்டாங்க. அதுதான் அந்தப் பேரு. பாசத்துல வெச்சது.

மத்த மூணும் சீரா வந்தது. எங்கூட்டுக்காரருக்கு மூணு பேரு கூடப் பொறந்தவங்க, எனக்கு நங்கை மொறை. காங்கயத்துல ராமாத்தா, தாராபுரத்துல வேலாத்தா, பல்லடத்துல பாப்பாத்தி. ராமாத்தா ஒரு தீவாளிக்கு ஒரு டப்பா அதிரசம் குடுத்துட்டாங்க. தொறந்து பாத்தா அதிரசம் கால்வாசி, எறும்பு முக்கால்வாசி. வேலாத்தா குடுத்த நாட்டுச்சக்கரைப் பையிலயும் எறும்பு. பாப்பாத்தி ஒண்ணுமே குடுக்கல, அவ கிட்ட நான் குடுத்திருந்த தூக்குப்போசி காலியா திரும்பி வந்துது, அதுல எறும்பு. இந்த முப்பத்தஞ்சு நாப்பது வருசத்துல அந்த மூணு ஊட்டுல இருந்து எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். கொல்ல மனசு வருமா? ஆளுக்கொரு டப்பா குடுத்து வெச்சுட்டேன்.

இதெல்லாம் பொடி எறும்பு. தலை கருப்பா இருக்கும், வவுறு கண்ணாடியாட்டம் இருக்கும், உள்ள போறது வெளிய தெரியும். இந்த மூணு டப்பாவையும் வரிசையா வெச்சா எது ஆரு ஊட்டுதுன்னு எனக்கே கொழம்பிப் போகும். ராமாத்தா ஊட்டுப் புள்ளைய வேலாத்தா ஊட்டுல உட்டுட்டா நாளைக்கு நாயம் வராதா? அந்த ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, ஒரு ஈயச்சொம்புல ஆரம்பிச்சது. அதுக்குத்தான் ரோசன பண்ணி, குடிக்கற சக்கரத்தண்ணியில கலரு கலந்துட்டேன். ராமாத்தாளுக்குக் கேசரிப் பவுடரு. வேலாத்தாளுக்கு பேக்கரிப் பச்சை. பாப்பாத்திக்கு ரோஸ்மில்க். குடிச்சுட்டு வந்து நின்னா வவுறு வெளக்குப் போட்ட மாதிரி இருக்கும், தூரத்துல இருந்தே சொல்லிருவேன். அந்த வெள்ளக்காரனுக்குக் கூட இது தோணிருக்காது.

இன்னொரு கட்டுப் பேப்பரா? ஆமாமா, எங்கூட்ல பேப்பரு நெறைய. படிக்கறவங்க ஊடு கண்ணு. ஏனுங்க, மெதுவாப் போங்க, படியில ஆட்டாதீங்க. பேப்பரு ஆடுனா என்னான்னு கேக்கறயா? கட்டு அவுந்துரும். நீ முறுக்குத் தின்னு.

மணி என்னாச்சு? செக்ரட்டரி எப்ப வரேன்னாரு? திருப்பூருக்குக் காதுகுத்துக்குப் போயிருக்காங்க, புருசனும் பொண்டாட்டியும். மத்தியானச் சோத்துக்கு அங்க இருக்க மாட்டாரு அந்தாளு, அடுத்தவங்க ஊட்டு உப்பு ஒத்துக்காது.

எங்க உட்டேன்? பவுடரு. இன்னும் சொல்லலியா? டப்பாவுக்கு மூடி போட முடியாது, காத்து வேணும். அப்பறம் ஏன் வெளிய வரதில்லன்னு கேளு. மூஞ்சிக்குப் போடற பவுடரு இருக்குதல்ல, அதத்தான் ஸ்பிரிட்டுல கொழச்சு டப்பா வாயச் சுத்தி உள்பக்கமாப் பூசி உட்டுரோணும். காஞ்சா எறும்புக்குக் காலு நிக்காது, ஏறும், சறுக்கும், உள்ளயே உழுகும். ஈரக்காத்து அடிச்சா அது உதுந்துரும், மறுக்கா பூசோணும். அது ஒண்ணு பூசிட்டா என்ற புள்ளைக டப்பாவ உட்டு வெளிய வரவே வராது. எழுதியே குடுப்பேன்.

எங்கூட்டுக்காரரு மொதல்ல பேயாட்டம் ஆடுனாரு. ஒறம்பரை பேரயெல்லாம் எறும்புக்கு வெக்கறயான்னு. அதுக்கும் காரணம் இருக்குது. ஒரு நாளு ராமாத்தா டப்பாவுல மூத்த ராணி செத்துப் போச்சு. பாப்பாத்தி அந்நேரம் பாத்துப் போனு போட்டா, கொரலு ஒரு மாதிரி இருக்குதேன்னா. நான் மனசு தாங்காம, ராமாத்தா போயிட்டா, நேத்துக்கூட சக்கரத்தண்ணி குடிச்சா, காலைல பாத்தா காலெல்லாம் மடங்கிக் கெடக்கறா, எடுத்துச் செம்பருத்தித் தொட்டியில பொதச்சுட்டேன்னு சொல்றேன், அவ பாதியிலயே போன வெச்சுட்டா. வேன் புடிச்சு, மாலை வாங்கி, பல்லடத்துல இருந்து அழுதுட்டே காங்கயம் போயிருக்கறா. ராமாத்தாதான் வந்து கதவு தொறந்துருக்கறாங்க. அதுல இருந்து ராமாத்தாளுக்கும் பாப்பாத்திக்கும் கூடப் பேச்சில்ல. நான் என்ன கண்ணு பண்ணேன்? முழுசாக் கேட்டுட்டு அழுகோணும்.

ஆனா அவரு இப்ப மாறிட்டாரு. மில்லுல ரிட்டயரு ஆன நாள்ல இருந்து எனக்கும் அவருக்கும் பேசறதுக்கு ஒண்ணும் இல்லாம இருந்துது. அதாவது அவருக்கு. நான் பேசுவேன், அவரு பேப்பரு படிப்பாரு. இப்ப காலைல எந்திரிச்சதும் டார்ச்சுல செவப்புக் காயிதத்தக் கட்டி, எறும்புக்குச் செவப்பு வெளிச்சம் தெரியாதாம், ஸ்டோர் ரூமுக்குப் போயிப் பாத்துட்டு வந்து, எங்கம்மா நேத்து முட்டை போட்டிருக்குது, பாத்தியான்னு கேக்கறாரு. ஒரு நாளைக்கு அந்த ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு.

இப்ப அந்த செக்ரட்டரி நாயத்துக்கு வரேன். சென்னியப்பன்னு பேரு, நேரா எங்களுக்குக் கீழூடு. அவரு பொண்ணு சிந்துஜா, தங்கமான புள்ள, கணக்குல எம்மெஸ்ஸி. போன ஐப்பசியில அவளப் பொண்ணு பாக்க ஈரோட்டுல இருந்து வந்தாங்க. வயசான ஒரு சுமங்கலி கூட இருந்தா லட்சணமா இருக்கும், நாலு நல்ல வார்த்தை சொல்லுவாங்கன்னு செக்ரட்டரியே மேல வந்து என்னயக் கூப்புட்டாரு. பேசறதுக்கு என்னயக் கூப்புட்ட ஒரே ஆளு அவருதான். இன்னிக்கு அவரே மருந்தடிக்க உன்னய அனுப்பறாரு, காலத்தப் பாத்தியா.

அன்னிக்கி மழைக்காத்து ஊதுது. பவுடரு டப்பாவுல ஒரு கை அளவுதான் இருக்குது. எறும்பு டப்பாவுக்குப் பூசறதா, மூஞ்சிக்குப் பூசறதா? ஈரோட்டுல இருந்து வரவங்க முன்னால எண்ணெ வடிஞ்சுட்டு நிக்க முடியுமா, சொல்லு. மூஞ்சிக்குப் போட்டுக்கிட்டு, மாம்பழக் கலர் பட்டக் கட்டிட்டுக் கீழ போனேன். நல்லா இருந்துது. மாப்பளையோட அம்மாவே, உங்க மொகம் நல்லாக் களையா இருக்குதுங்கன்னு சொன்னாங்க.

சோபாவுல மாப்பளையோட அப்பா, வெள்ள வேட்டி வெள்ளச் சட்டை. மாப்பளைக்கு பெங்களூர்ல வேலை. டீப்பாய் மேல வெள்ளைத் துணி விரிச்சு லட்டும் மிச்சரும் வெச்சிருக்காங்க. சிந்துஜா காப்பி கொண்டாந்து குடுத்துட்டு ஒக்காந்தா. நான் அவளப் பத்தி எடுத்து உட ஆரம்பிச்சேன், என்ன சொல்லிட்டு இருந்தேன், ஆ, அவ சின்னதுல அம்மை போட்டுக் கெடந்தது. அப்பப் பாத்து லட்டுத் தட்டுல எறும்பு.

சமையக்கட்டுச் சன்னல்ல இருந்து வருசையா வருது. எங்கூட்டுத் தண்ணிக் கொழாயும் அந்தச் சன்னலு பக்கமாத்தான் எறங்குது, அது வேற விசயம். மாப்பளையோட அம்மா குனிஞ்சு பாத்துட்டு, இதென்னங்க, எறும்பு ஆரஞ்சா இருக்குதுன்னாங்க. நான் ஒடனே சொல்லிட்டேன், லட்டு தின்னா அப்படித்தானுங்க இருக்கும், நம்ம வவுத்தையும் தொறந்து பாத்தா இப்ப அந்தக் கலருதான்னு. அல்லாரும் சிரிச்சாங்க. செரின்னு இருந்தோம்.

அக்கட்டால இருந்து இன்னொரு வருசை. சோபா காலு மேல ஏறி, அந்தப் பெரியவரு வேட்டி மேல ஏறுது. நல்ல பச்சை. அவரு மரியாதப்பட்டவரு, சத்தம் போடல. என்னயப் பாத்து, பச்சைக்கு என்னங்க சொல்றீங்கன்னு கேட்டாரு. மிச்சர்ல கறிவேப்பிலை கெடக்குதல்லங்கன்னேன். அவரும் மிச்சரப் பாத்தாரு. கறிவேப்பிலை இருந்துது.

அப்பறம் ரோசு வந்துது. ரோசுக்கு எனக்கு ஒண்ணும் தோணல.

அதுல ஒரு அதிசயம் சொல்லோணும் கண்ணு. ராமாத்தா ஊட்டுது, வேலாத்தா ஊட்டுது, பாப்பாத்தி ஊட்டுது, மூணும் ஒரே தட்டுல வாய் வெச்சுத் திங்குது. எங்கூட்டுக்காரரு கூடப் பொறந்ததுக மூணும் ஒரே பந்தியில ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, பாத்துட்டே இருந்துட்டேன்.

இந்த மாப்பளைப் பையன் என்ன பண்றான்னா, பெங்களூர்ல அவன் வாங்கப் போற ஊட்டப் பத்திச் செக்ரட்டரிகிட்டச் சொல்லிட்டே, கட்ட வெரல வெச்சு ஒண்ணொண்ணா நசுக்கறான். கண்ணு அக்கட்ட இருக்குது, வெரலு இக்கட்ட இருக்குது. பேச்சு நிக்கல. ரெண்டு பெட்ரூமு, ஒரு நசுக்கு. கார் பார்க்கிங், ஒரு நசுக்கு. வெள்ளைத் துணி மேல ஆரஞ்சு, பச்சை, ரோசுன்னு புள்ளி புள்ளியா ஆகுது. வெரலு அந்தப் பெரிய பச்சை கிட்டப் போச்சு. என்னால தாங்க முடியல.

“அய்யோ தம்பி, அத உட்டுரு சாமி. அது வேலாத்தா ஊட்டுது.”

செக்ரட்டரி என்னயத் திரும்பிப் பாத்து, ஆருங்க வேலாத்தான்னாரு. கேட்டா சொல்லோணுமல்ல? தாராபுரத்துல இருந்து ஆரம்பிச்சேன். நாட்டுச்சக்கரைப் பை, ஈயச்சொம்பு, ரோஸ்மில்க், அல்லாம் சொன்னேன். காங்கயத்துக்கு மாலை கொண்டு போனதுக்கு வரதுக்குள்ள அவங்க எந்திரிச்சுட்டாங்க. ஊட்ல கலந்துட்டுச் சொல்றோம்னு போனவங்கதான்.

எடம் தட்டிப் போச்சு. எறும்பாலதான் போச்சுன்னு செக்ரட்டரி ஊரெல்லாம் சொல்றாரு. எனக்கு அது ஒண்ணுதான் கண்ணு புரியல. நான் வாயே தொறக்காம இருந்து, எறும்பு பாட்டுக்கு வந்திருந்தாக் கூடப் பரவால்ல. நான் எத்தன எடுத்துச் சொல்லியும் அவங்க கேக்காமப் போயிட்டா, என்ற மேல என்ன தப்பு?

மூணாவது கட்டு போகுது. ஏனுங்க, பெரிய பேப்பரா? அதக் கடசியாத்தான கொண்டு போகோணும்னேன்? செரி செரி, ரெண்டு கையிலயும் புடிச்சுக்கோங்க. அம்மாவ, அதான், அந்தப் பேப்பரப் பதனமா வெய்யுங்க.

நீ மலையப் பாரு கண்ணு. கோபுரத்து மேல மேகம் எறங்கிருக்குது.

அடுத்த நாளு காலைல சிந்துஜா மேல வந்தா. சண்டைக்குத்தான் வந்தா. ஆரக் கேட்டு எங்கூட்டுக்கு எறும்ப அனுப்புனீங்கன்னு வாசல்லயே நின்னு கத்தறா. நான் பதிலுக்குக் கத்தல, உள்ள கூட்டிட்டுப் போயி செவப்பு டார்ச்ச அடிச்சு மாமியாளக் காட்டுனேன். புள்ளைக முட்டையத் தூக்கிட்டு ஈரமான பக்கத்துக்கு வருசையாப் போயிட்டு இருந்துது. ஒண்ணு தடுக்கி முட்டையக் கீழ போட்டுருச்சு, பொறத்தால வந்தது நின்னு எடுத்துக் குடுத்துது. இவ தரையில ஒக்காந்துட்டா. வந்தது சண்டைக்கு, போனது சாயந்தரம். நடுவுல ஒரே ஒரு வாட்டிதான் பேசுனா.

“அமுச்சி, பேசிட்டே நசுக்குனான். நசுக்குன வெரலத் தொடைச்சுட்டு அதே கையில லட்டு எடுத்துத் தின்னான். பாத்தீங்களா?”

பாத்தேன் அம்மிணின்னேன். அன்னிக்கே அவ அந்தப் பையனுக்கு நீ வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டா. எடம் தட்டிப் போனது அதுல. அது அவங்கப்பனுக்குத் தெரியாது. நீ சொல்லிராத. நானும் ஆருகிட்டயும் சொல்லல, உங்கிட்டயும், அயன் பண்றவன்கிட்டயும், லிப்ட்ல வந்த ஒரு அம்மாகிட்டயுந்தான் சொன்னது.

செக்ரட்டரி சும்மா உடல. மீட்டிங் போட்டாரு. தீர்மானம் போட்டாரு. நீங்களே கொண்டு போயி வெளிய கொட்டீருங்க, இல்லீனா அசோசியேசன் செலவுல மருந்துன்னு. அவரு பொண்டாட்டி மனோன்மணி இருக்கறாளே, தெனமும் வாசல்ல அரிசி மாவுலதான் கோலம் போடுவா, எறும்புக்குச் சோறு போட்ட புண்ணியம்னு வரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. நான் மீட்டிங்ல எந்திரிச்சுக் கேட்டேன், வாசல்ல போட்டாப் புண்ணியம், ஸ்டோர் ரூமுல போட்டாத் தீர்மானமான்னு. இன்னும் கேக்கறதுக்குள்ள மைக்க வாங்கிட்டாங்க.

வெளிய கொட்டறதாமா. அந்த டப்பாவுலயே பொறந்து வளந்ததுக கண்ணு. அதுகளுக்கு வெயிலு தெரியாது, மழை தெரியாது, ரோட்டத் தெரியாது. மாமியா இந்த வயசுல எங்க போயி ஊடு கட்டுவா? எங்கூட்டுக்காரரு தீர்மானக் காயிதத்தப் படிச்சுட்டு அன்னிக்கிச் சாயந்தரம் சோறு திங்கல. அடுத்த நாளு காலைல முட்டை நாயமும் சொல்லல. மறுக்கா பழைய மாதிரி பேப்பருக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டாரு. இந்த ஊட்ல நான் ஒருத்தியே எத்தனதான் பேசறது?

இரு, இரு, குடிச்சிராத. டம்ளர்ல ஒண்ணு மெதக்குது பாரு. ரோசு. பாப்பாத்தி ஊட்டுது. டப்பாவ உட்டு வெளிய வராதுதான், இது எப்படியோ... என்ன பண்ற? வெரல உட்டு ஏத்திக்கிட்டயா. ஊதாத, ஈரம் காயட்டும். சன்னல் கட்டை மேல எறக்கி உடு. அப்படித்தான். பாத்தியா, மூஞ்சியத் தொடைச்சுட்டு நடக்குது.

நசுக்கல நீ. மருந்தடிக்கற ஆளு, நசுக்காம எறக்கி உட்ட. நான் பாத்தேன். உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

ஆ, வந்துட்டாரு. இப்பத் திரும்பலாம் கண்ணு. இவருதான். என்னங்க?

“அல்லாம் எறக்கியாச்சு.”

அப்பாடா. போ கண்ணு, இப்பப் போயி மருந்தடி. ஸ்டோர் ரூமு அங்க, இடது பக்கம். நல்லா மூலை மூலையா அடி, கரப்பான் எச்சா இருக்குது. என்ன முழிக்கற? டப்பாவா? ஆரு சொன்னா டப்பா இருக்குதுன்னு? பழைய பேப்பரு இருந்துது, எடைக்குப் போயிருச்சு. சிரிக்கறயா? தெரிஞ்சுதான் ஒக்காந்திருந்தயா அத்தன நேரம்? பொல்லாத ஆளு நீ. முறுக்கு இன்னும் ரெண்டு எடுத்துக்கோ.

எங்க போச்சுன்னு சொன்னா ஆருகிட்டயும் சொல்ல மாட்டயல்ல? கீழூட்டுக்குத்தான். செக்ரட்டரி கட்டலுக்கு அடியில. சிந்துஜா ரோசனை. எங்கப்பா ஊரு பூரா மருந்தடிக்கச் சொல்லுவாரு அமுச்சி, தன்ற கட்டலுக்கு அடியில மட்டும் குனிஞ்சு பாக்க மாட்டாருன்னா. கணக்குப் படிச்ச புள்ள. சாயந்தரமானா எங்கூட்டுக்காரரு செஸ் வெளையாடற சாக்குல கீழ போயிப் பாத்துக்குவாரு. செக்ரட்டரிக்குச் செஸ்ஸுனா உசுரு.

இன்னும் என்னங்க நிக்கறீங்க? எதுக்குக் கைய நீட்டறீங்க?

“பவுடரு கேக்குது அந்தப் புள்ள. பேப்பரு சுத்துனதுல டப்பா வாயில இருந்த பவுடரெல்லாம் ஒட்டிட்டு வந்துருச்சாம்.”

பவுடருக்கு என்ன பஞ்சம், இங்கதான் வெச்சேன். இந்தா...

கண்ணு, இந்த டப்பாவச் சித்த ஆட்டிப் பாரு. உன்ற காதுக்கு ஏதாச்சும் கேக்குதா?

உன்னயப் பாக்கத்தான் போட்டுக்கிட்டேன். ஊட்டுக்கு ஒரு ஆளு வந்தா மூஞ்சி மூஞ்சியாட்டம் இருக்க வேண்டாமா? கடைக்குப் போயி வாங்கிட்டு வரதுக்குள்ள, அதென்ன ஹாரன் சத்தம்? எட்டிப் பாரு. வெள்ள மாருதியா? அவங்கதான். உப்பு ஒத்துக்காதுன்னு நாந்தான் சொன்னேனே.

செரி, உடு. ஒரு நாளு இருக்காதா? அந்தாளு ஊட்டுல, அந்தாளு கட்டலுக்கு அடியில எறும்பு வந்தா அதுக்கு இனி நான் பொறுப்பில்ல. தீர்மானத்துல எங்கூட்டு நம்பருதான் போட்டிருக்குது.

ஒண்ணு பண்ணு சாமி. உன்ற போன் நம்பர இவருகிட்டச் சொல்லிட்டுப் போ. நாளைக்கோ நாளான்னைக்கோ கீழூட்டுல இருந்து உன்னயக் கூப்புடுவாங்க. கூப்புட்டா, நேரா அங்க போயிராத. மேல வந்து இந்தச் சேர்லயே ஒக்காரு, மலையப் பாத்துட்டு ஒரு காப்பி குடி. நான் பவுடரு வாங்கி வெச்சிருப்பேன். எங்கூட்டுக்காரரு பழைய பேப்பரயெல்லாம் மேல ஏத்தற வரைக்கும் நாம சித்த பேசிட்டு இருக்கலாம். வேலாத்தாளோட ஈயச்சொம்பு நாயம் உனக்கு இன்னும் முழுசாச் சொல்லல.